தெருவுக்கு அந்தப் பக்கம் முயலுக்கு இடமில்லை

ஆஸ்திரேலியாவில் ஜென்னிங்ஸ் என்ற ஊரில் ஒரு தெரு இருக்கிறது. அதன் தெற்கு ஓரத்தில் நின்றால் நியூ சவுத் வேல்ஸ். நாலு எட்டு வைத்து வடக்கு ஓரத்துக்குப் போய்விட்டால் குவீன்ஸ்லாந்து. தெற்கே ஒரு முயல் வளர்த்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வடக்கே வளர்த்தால் குற்றம். செல்லமாக வளர்க்கிறேன் என்றாலும் சரி, ஒற்றை முயல்தானே என்றாலும் சரி, வீட்டை விற்றுக் கட்டவேண்டிய அபராதம். காட்டு முயல்கள் பெருகி நாட்டையே மொட்டையடித்ததைப் பார்த்துப் பயந்தவர்கள் போட்ட சட்டம். பயம் நியாயமானதுதான். ஆனாலும் தெற்கு ஓரத்து முயல் ஒன்று வேலிக்குள் உட்கார்ந்து வடக்கு ஓரத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சட்டம் போட்டவர்கள் ஒரு தடவையாவது இந்தத் தெருவுக்கு வந்து போயிருக்கலாம் என்று தோன்றும்.

அந்த முயல் நொலீனுடையது. நொலீனுக்கு அறுபத்தாறு வயது. ஆப்பிள் கொட்டகையில் முப்பது வருஷம் பழம் பொறுக்கி அடுக்கியவள். அவள் கணவன் நெவில் வடக்கு ஓரத்தில் பிறந்து, அவளைக் கட்டிக்கொண்டு தெற்கு ஓரத்துக்குக் குடிவந்தவன். மொத்த தூரம் முந்நூறு மீட்டர். அதற்கே அவனுடைய அக்கா பெரில் நாற்பது வருஷமாகப் பொருமிக்கொண்டிருந்தாள். "என் தம்பி வெளிநாட்டுல இருக்கான்" என்பாள், ஜன்னலைத் திறந்தால் அவன் துணி காயப்போடுவது தெரியும் வீட்டிலிருந்துகொண்டு.

முயல் வந்தது பப்பில் நடக்கும் குலுக்கலில். வெள்ளிக்கிழமை தோறும் சீட்டு விற்பார்கள். பரிசு எப்போதும் ஒரு தட்டு நிறைய இறைச்சி. ஒரு வாரம் யாரோ ஒருவன் உயிரோடு ஒரு சாம்பல் நிற முயல்குட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். நெவிலுக்கு விழுந்தது. வடக்கு ஓரத்தில் வளர்ந்தவன், பிறந்ததிலிருந்து உயிருள்ள முயலைக் கையால் தொட்டதில்லை. கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்து, "இதை அறுக்கச் சொன்னா நான் வீட்டை விட்டே போயிடுவேன்" என்றான். குலுக்கலில் கிடைத்ததால், குலுக்கலுக்கான இங்கிலீஷ் வார்த்தையையே எடுத்து ராஃபிள் என்று பேர் வைத்தான்.

ஒரு ராத்திரிக்கு மட்டும் என்றுதான் கோழிக் கொட்டகையில் விட்டார்கள். வெளியே உறைபனி. காலையில் போய்ப் பார்த்தால் ஆறு கோழிகளில் கறுப்புக் கோழி அதன்மேல் பாதி ஏறி உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு பிரிக்கவில்லை. சேர்த்து வளர்ப்பது சும்மா இல்லை. கோழித் தீவனம் முயலின் வயிற்றை ஊதவைத்துக் கொன்றுவிடும். அதனால் தீவனப் பாத்திரத்தை முயலுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். முயலுக்கு எந்நேரமும் காய்ந்த புல் வேண்டும்; அதன்மேல் கோழி எச்சமிடாதபடி மேலே பலகை அடிக்க வேண்டும். முயலின் பெட்டிக்கு நேர் மேலே கோழிகள் அடையும் கம்பு இருக்கக்கூடாது. சேவல் கூடவே கூடாது. ஏறி மிதிக்க அதற்கு முயலும் கோழியும் ஒன்றுதான். கொசு கடித்து வரும் கண்வீக்க நோய்க்கு இந்த நாட்டில் தடுப்பூசி போட அனுமதி இல்லை என்பதால் கோடையில் கொட்டகை முழுக்க வலை கட்ட வேண்டும். வலையை நெவில்தான் தைத்தான். தையல் கோணல்மாணலாக இருந்தது, கொசு மட்டும் வரவில்லை.

பகலெல்லாம் ஏழும் வீட்டுக்குப் பின்னால் இருந்த வளவில் ஒன்றாக மேயும். கழுகு நிழல் விழுந்தால் ராஃபிள் பின்னங்காலைத் தரையில் அடிக்கும். கோழிகள் செடிக்கடியில் ஓடிவிடும். கோழிகள் மண்குளியல் போடக் குழி பறித்தால் அதுவும் போய் நடுவில் புரளும். தானும் ஒரு கோழி என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. கோழிகளும் எடுத்துச் சொல்லவில்லை.

மார்ச் மாதம் நெவில் தூக்கத்திலேயே போய்விட்டான். நொலீன் எழுந்து தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அவர்கள் வருவதற்குள் வாசல் விளக்கைப் போட்டாள், அவன் தலைமுடியைச் சீவிவிட்டாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சவ அடக்கத்தில் வரும் என்று நினைத்தாள். அங்கேயும் இல்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் மாற்றி மாற்றி வேகவைத்த கறிப் பாத்திரங்களோடு வந்து அவள் முகத்தைப் பார்த்தார்கள். "தைரியசாலி" என்றார்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் பிடுங்கும்போது கன்னத்துக்கு ஊசி போடுவார்களே, அது உடம்பு முழுக்கப் பரவினதுபோல் இருந்தது. காலையில் கொட்டகையைத் திறந்தாள், சாயங்காலம் எண்ணிப் பூட்டினாள். நடுவில் என்ன செய்தாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

அவள் இருந்தது வாடகை வீடு; அக்டோபரில் அதன் சொந்தக்காரர் அதை விற்றுவிட்டார். ஆறு வாரத்தில் காலி செய்ய வேண்டும். தெற்கு ஓரத்தில் காலி வீடு எதுவும் இல்லை. தெற்கே பக்கத்து டவுனான டென்டர்ஃபீல்டில் கேட்கிற வாடகைக்கு அவளுடைய ஓய்வூதியம் காணாது. பெரில் தெருவைத் தாண்டி வந்தாள்.

"என்னடி யோசனை? என் வீட்ல பின்னாடி ரூம் சும்மாதான் கெடக்கு. பெட்டியக் கட்டு."

"சரி" என்றாள் நொலீன்.

"கோழிங்களயும் கூட்டிட்டு வா. வளவு பெருசு."

"சரி."

பெரில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ராஃபிள் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. "அவன் வர முடியாதுடி. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எதாவது சொல்லேன். கத்து, என்னத் திட்டு. சுவத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு."

நொலீனுக்குத் திட்ட ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் கொட்டகையைப் பூட்டும்போது ஆறு என்று எண்ணி நிறுத்திப் பார்த்தாள். ஆறோடு நிறுத்த முடியவில்லை. ஏழு என்று சொன்ன பிறகுதான் கை தாழ்ப்பாளுக்குப் போனது. மறுநாள் பெரிலிடம் போய், "அவன் இல்லாம என்னால வர முடியாது போலிருக்கு" என்றாள். ஏழு மாதத்தில் அவள் தானாக வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று சொன்னது அதுதான்.

பெரில் வாயாடியே தவிர கல்நெஞ்சுக்காரி இல்லை. ஒரு வாரம் அங்கே இங்கே போன் செய்தாள். பிறகு சிரித்துக்கொண்டே வந்தாள். "எங்க பக்கம் முயல் வெச்சுக்க ஒரே ஒரு ஜாதிக்குத்தான் அனுமதி, தெரியுமா? மேஜிக் காட்டறவங்க. தொப்பிலேர்ந்து எடுப்பாங்களே, அவங்களுக்கு லைசென்ஸ் உண்டாம். நீ மந்திரவாதி ஆயிடு."

கேலிக்குத்தான் சொன்னாள். நொலீன் சிரிக்கவில்லை. "அதுக்கு எந்த ஃபாரம்?" என்றாள்.

அந்தக் கேள்வியைக் கேட்ட முகத்தைப் பார்த்து பெரிலுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. அடுத்த வாரமே டென்டர்ஃபீல்டு நூலகத்திலிருந்து மேஜிக் புத்தகம் வந்தது. அடியில் ரெட்டைப் பலகை வைத்த பெட்டி ஒன்றைப் பெரிலே ஆணியடித்துச் செய்தாள். சிவப்புப் பட்டுத் துணிக்குத் தன் பழைய திரைச்சீலையை வெட்டினாள். சமையலறை மேஜையில் நொலீன் தினமும் பழகினாள்: பெட்டியைத் திறந்து காட்டு, மூடு, துணி போடு, தட்டு, திற. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"கொஞ்சம் சிரிடி. மேஜிக் காட்டறவ மாதிரி இல்ல, பார்சல் ஆபீஸ்ல கையெழுத்து போடறவ மாதிரி இருக்க."

"சிரிச்சா தப்பா வருது" என்றாள் நொலீன்.

விண்ணப்பத்தோடு, நிகழ்ச்சி நடத்தியதற்கு ஒரு சாட்சிக் கடிதம் வேண்டும். தெற்கு ஓரத்துப் பப்பில் நடத்தினால் முயலைக் கொண்டுபோகத் தடையில்லை. வெள்ளிக்கிழமை குலுக்கலுக்கு முன்னால் பத்து நிமிஷம் தருவதாகப் பப்காரர் சொன்னார். தகவல் பரவி, வராதவர்களெல்லாம் வந்துவிட்டார்கள். நின்றுகொண்டு குடிக்கக்கூட இடமில்லை.

ராஃபிள் தனியாகப் பெட்டிக்குள் இருக்கவில்லை. கால் அடித்த அடியில் அடிப்பலகை ஆடியது. வேறு வழியில்லாமல் நொலீன் கறுப்புக் கோழியையும் உள்ளே வைத்து மூடினாள். மேடையில் துணி போட்டாள், தட்டினாள், திறந்தாள். முதலில் கோழி இறங்கியது. இறக்கையை உதறியது. கூட்டத்தை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தது. அதன் பின்னால், கூடவே வந்த புருஷன் மாதிரி, ராஃபிள் இறங்கியது.

பப் இடிந்துவிடும்போல் ஆயிற்று. "முட்டை எப்ப வரும் நொலீன்?" என்று ஒருவன் கத்தினான். "என் மாமியாரப் பொட்டில போட்டா என்ன வரும்?" என்றான் இன்னொருவன். பெரில் மூக்கைச் சிந்திச் சிந்திச் சிரித்தாள். நொலீனுக்கு அந்தக் கைதட்டல் பக்கத்து வீட்டு ரேடியோபோல் எங்கோ கேட்டது. புத்தகத்தில் போட்டிருந்தபடி தலை வணங்கினாள். ஒரு கையில் கோழியையும் ஒரு கையில் முயலையும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பப்காரர் கடிதத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தார். பெரில் மறுநாளே விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, முயலுக்குத் தன் வளவில் ஒரு மூலையைத் துடைப்பத்தால் பெருக்கி வைத்தாள்.

மூன்றாவது வாரம் லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இளம் குரல். "நொலீன்னு கூப்பிடலாமா?" என்று கேட்டுக்கொண்டாள். "உங்க விண்ணப்பத்தைப் பாத்தோம். லெட்டர் ரொம்ப நல்லாருக்கு. கோழியும் வருதாமே! கிடைச்சுடும்னுதான் நெனைக்கறேன். எங்க வெச்சு வளர்ப்பீங்கன்னு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"கோழிங்களோட" என்றாள் நொலீன். "பகல்ல வளவுல விட்டுடுவேன்."

அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் நின்றது. "விட முடியாது நொலீன். பூட்டின கூண்டுலதான் இருக்கணும். அடிலயும் கம்பி இருக்கணும். தரையில விட்டா தோண்டிட்டு வெளிய போயிடும், அதுக்குத்தான் சட்டமே. நிகழ்ச்சிக்கு மட்டும் வெளிய எடுக்கலாம்."

"கோழிங்க?"

"கோழி எங்க வேணாலும் இருக்கலாம். முயல் கூண்டுக்குள்ள."

நொலீன் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். பெரிலிடம் சொன்னாள். பெரில் போய், இரண்டு நாளில் ஒரு கூண்டு செய்து கொண்டுவந்தாள். நல்ல கூண்டு. கால் வைத்தது, மேலே தகரம், உள்ளே படுக்க மரப்பெட்டி, புல்லுக்குத் தனித் தட்டு. எழுபத்திரண்டு வயதுக்காரி கை முழுக்கக் கம்பி கிழித்த கோடுகள். "மூணு நாள் இங்கயே போட்டுப் பாரு" என்றாள். "பழகிக்கும். எல்லாம் பழகிக்கும்டி."

முதல் நாள் கோழிகள் கூண்டைச் சுற்றியே நின்றன. மேயப் போகவில்லை. கறுப்புக் கோழி தகரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது. ராஃபிள் உள்ளிருந்து காலை அடித்தது. கோழிகள் கழுகு வந்துவிட்டதென்று செடிக்கடியில் ஓடின. வானத்தில் ஒன்றும் இல்லை. திரும்ப வந்தன. மறுபடி அடித்தது, மறுபடி ஓடின. மத்தியானத்துக்குள் பத்துத் தடவை. இரண்டாம் நாள் அடிக்கவில்லை. மூலையில் ஒடுங்கி, வைத்த புல் வைத்தபடி இருக்க, கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. முயல் ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும். நொலீன் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அது அவளைப் பார்த்தது. பயம் இல்லை, கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பார்வை எப்படிப்பட்டதென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுந்து கூண்டைத் திறந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் அது மண்குழியில் கோழிகளோடு புரண்டுகொண்டிருந்தது.

வீடு காலி செய்ய நாலு நாள் இருந்தது. டென்டர்ஃபீல்டு சாலையில் பதினோரு கிலோமீட்டர் தள்ளி இலாரியோ இருந்தார். ஆப்பிள் தோட்டத்தை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருப்பவர், நெவிலோடு சீட்டு ஆடியவர். தன் கோழிகளை நரி கொண்டுபோன பிறகு நரி நுழைய முடியாத வேலி போட்டு, அதற்குள் ஒன்றும் வளர்க்காமல் சும்மா வைத்திருந்தார். நொலீனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. முயலையும் கோழிகளையும் அங்கே கொடுத்துவிட்டால் பிறகு போய்ப் பார்க்க வழியில்லை; போனால் போனதுதான். தெரிந்துகொண்டேதான் போன் செய்தாள்.

கோழிகள் கம்பில் அடைந்த பிறகு தூக்கினால் கலவரம் இல்லை. அந்தி நேரத்துக்கு, பின்னால் சாமான் ஏற்றுகிற தன் யூட் வண்டியோடு இலாரியோ வந்தார். நொலீன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஆப்பிள் பெட்டிகளில் வைத்தாள். ராஃபிளும் கறுப்புக் கோழியும் ஒரே பெட்டியில்.

"தீவனம் அவனுக்கு எட்டக்கூடாது" என்றாள்.

"தொங்கவிடறேன்."

"புல்லுக்கு மேல பலகை."

"நெவில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் நொலீன்." இலாரியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "முயலயாவது நீங்க வெச்சுக்கலாமே. லைசென்ஸ்தான் வந்திரும்கறாங்களே. இல்ல கோழிங்களயாவது. ரெண்டயும் குடுத்துட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அவன வெச்சுக்கலாம். கூண்டுல இருப்பான்." பெட்டியின் இடுக்கைப் பார்த்தாள். "இருப்பான், அவ்வளவுதான். அது ஒரு இருப்பா, இலாரியோ?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். வண்டி போன பிறகு கொசுவலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். மறுநாள் அவர் மகன் வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தான். வருத்தமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இருப்பதாகத் தெரியவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றுவிட்டுப் படுத்தாள்.

சனிக்கிழமை பெரிலின் வீட்டுக்குக் குடிபோனாள். முந்நூறு மீட்டர்தான், ஒரு தள்ளுவண்டியில் எட்டு நடை. பெரில் பின்னறையில் புதுப் போர்வை விரித்திருந்தாள். கூண்டைக் கண்ணில் படாமல் கழிவறைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். இரவு ஆட்டுக்கறி சமைத்தாள். தன் தம்பி சின்ன வயதில் இதே அறையில் ஜன்னல் ஏறிக் குதித்துக் கையை உடைத்துக்கொண்டதைச் சொன்னாள். நொலீன் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டாள்.

ஞாயிறு விடிகாலை வழக்கம்போல் விழிப்பு வந்தது. கால்கள் தானாக ரப்பர் பூட்ஸுக்குள் நுழைந்தன. பின்கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கிவிட்டாள். வளவில் புல் இருந்தது, துணிக்கொடி இருந்தது. திறந்துவிட ஒன்றும் இல்லை. கை மட்டும் தாழ்ப்பாளைத் தேடி முன்னால் நீண்டு நின்றது. அந்தக் கையை அவள் பார்த்தாள். இனி எந்தக் காலையிலும் அதற்கு இங்கே வேலை இல்லை என்று தெரிந்தது. அப்போதுதான் அந்த அழுகை வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைப் பிளந்துகொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற சத்தமாக வந்தது. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பெரில் இரவு உடையோடு ஓடிவந்தாள். "என்னடி? விழுந்துட்டியா? எங்க அடிபட்டுச்சு?"

நொலீன் பெரிலின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"நெவில் செத்துட்டான், பெரில்."

எட்டு மாதம் ஆயிற்று என்று பெரில் சொல்லவில்லை. மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமாண்டி" என்றாள். "செத்துட்டான்."